நோய்க் கண்காணிப்பும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இம்முறை நோயைப் பற்றிப் பேச எமக்கு இடமளித்த செயற்குழுவினருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாம் பேராதனையிற் கற்கும் மாணவர், வைத்தியர் அல்லோம். ஆகவே இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று கூற நாம் முன்வரவில்லை. ஒரு நோய் நம் ஊரிலே எங்கே, எப்பொழுது, எவரிடத்திலே தோன்றுகின்றது என்பதை இடைவிடாது எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஊரைக் காக்கும் வழி ஒன்றுண்டு. அதனை நோய்க் கண்காணிப்பு என்பர். அதனைக் கற்பிக்கும் துறை தொற்றுநோயியல். அதைப் பற்றியும், அதிலே நமக்குள்ள பங்கைப் பற்றியும் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

கண்காணிப்பு என்றதும் மலைநாட்டில் வாழும் நமக்கு நினைவுக்கு வருபவர் கங்காணியார். அப்பெயரே கண்காணி என்ற சொல்லின் திரிபுதான். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணிப் பேர் பதிந்து, வராதவர்களைத் தேடி லயத்துக்குச் சென்றவர் அவர். நம் பாட்டன்மார் பாட்டிமாரிற் பலர் அந்த எண்ணிக்கைக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள். ஆகவே, "எங்களை எண்ணுகிறார்கள், பேர் எழுதுகிறார்கள்" என்றாலே நம்மவர் நெஞ்சில் ஒரு கலக்கம் தோன்றுவது இயல்பு. நாம் பேசப்போகும் கண்காணிப்பு அத்தகையதன்று. பிரட்டுக்களத்திலே எண்ணியது துரையின் கணக்குக்காக. இங்கே எண்ணுவது எண்ணப்படுகின்றவரின் நன்மைக்காக. இந்த வேற்றுமையை மனத்திற் கொண்டாற் போதும், மற்றவை எளிதில் விளங்கும்.

இக்கலையின் வித்து நமக்குப் புதிதன்று. நாம் படித்த மிஷன் பாடசாலையிலே நாள்தோறும் காலையில் இடாப்புக் கூப்பிடுவார்கள். ஒரு வகுப்பில் ஒரே கிழமைக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் வராமல் நின்றுவிட்டால், அங்கே சின்னமுத்தோ கூகைக்கட்டோ புகுந்துவிட்டது என்பதை வைத்தியருக்கு முன்பே வகுப்பாசிரியர் அறிந்துகொள்வார். ஒரு பிள்ளை வராதது அந்த வீட்டுச் செய்தி. எட்டுப் பிள்ளைகள் வராதது ஊர்ச் செய்தி. எண்ணிப் பார்த்தவருக்கே அந்த ஊர்ச் செய்தி புலப்படும்.

அறிஞர்கள் இதனை நான்கு படிகளாக வகுத்துக் கூறுவர். முதலாவது, நோயாளரைப் பற்றிய செய்தியைத் திரட்டுதல். இரண்டாவது, அதனை இடம், காலம், ஆள் என்ற மூன்று வகையாற் பகுத்துச் சென்ற ஆண்டுகளோடு ஒப்பிடுதல். மூன்றாவது, கண்ட முடிவை உரியவர்களுக்குக் காலம் தாழ்த்தாது அறிவித்தல். நான்காவது, அதற்கேற்பச் செயலாற்றுதல். இந்நான்கிலும் கடைசிப் படி இல்லாவிட்டால் முதன் மூன்றும் வெறுங் காகிதமே. "காய்ச்சலை எண்ணிக்கொண்டிருந்தாற் காய்ச்சல் தீருமா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. எண்ணுவதால் மட்டும் தீராது என்பது மெய்தான். ஆயின் எண்ணாமல் எந்தக் காய்ச்சலையும் ஊரைவிட்டு ஓட்ட இயலாது என்பதும் மெய்யே.

1854 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவிச் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். யோன் சினோ என்ற வைத்தியர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். இறந்தவர்கள் இருந்த வீடுகளை நகரப் படத்திற் குறித்துப் பார்த்தார். பெரும்பாலானவை ஒரு தெருக்குழாய்க் கிணற்றைச் சுற்றியே இருந்தன. நோயை உண்டாக்கும் கிருமி எதுவென்று அவர் கண்டவரல்லர்; ஆயினும் எண்ணிக்கை காட்டிய வழியே சென்று, அக்குழாயின் கைபிடியைக் கழற்றும்படி ஊராட்சியாரை இணங்கவைத்தார். நோயின் மூலத்தை முற்றாக அறியுமுன்னரே நோயின் வழியை அடைக்கலாம் என்பதற்கு இதனை உதாரணமாகக் காட்டுவர்.

நிற்க, இப்பாடத்தைக் கற்க இலண்டன்வரை போகவேண்டியதில்லை. நமது மகாவலி கங்கைக் கரையே போதும். அந்தத் துயரமான கதையைச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகின்றோம்.

மலேரியாக் காய்ச்சல் வரண்ட பிரதேசத்து நோய். அநுராதபுரம் போன்ற இடங்களிலே ஆண்டுதோறும் வரும். கண்டி, கேகாலை போன்ற மழைவளமுள்ள பகுதிகளிலோ ஆறுகள் பெருகிப் பாய்வதால் நுளம்பின் கூடம்பிகள் அடித்துச் செல்லப்படும். இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற இனம் என்பதை எச். எவ். காட்டர் என்ற பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து காட்டியிருந்தார். வெயில்படும் தெளிந்த தேக்க நீரிலே அது முட்டையிடும். ஆறு பாயும்வரை கவலையில்லை. ஆறு வற்றிக் கற்பாறைகளுக்கும் மணல்திட்டுகளுக்கும் இடையிலே குட்டை குட்டையாகத் தேங்கினால் ஆபத்து வரும்.

1934 ஆம் ஆண்டிலே அதுவே நேர்ந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலியும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. அவ்வாண்டின் இறுதி மாதங்களிலே காய்ச்சல் கேகாலை, குருநாகல், மாத்தளை, கண்டி மாவட்டத்துக் கிராமங்களிற் காட்டுத்தீயைப்போலப் பரவியது. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையும் கூலியும் குன்றியிருந்த காலம் அது. விளைச்சலும் குறைந்திருந்தமையால் வயிறு காய்ந்த உடம்புகள் நோய்க்கு எளிதில் இரையாயின. அடிக்கடி மலேரியா வரும் இடத்து மக்களுக்கு உடம்பிலே ஓரளவு எதிர்ப்புச் சத்தி இருக்கும். நம் பகுதியாருக்கு அதுவும் இல்லை. 1935 ஏப்பிரல் மாதத்துக்குள் இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. அக்காலத்துச் சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் அளவினதே. இறந்தோரிற் பெருந்தொகையினர் குழந்தைகளும் சிறுவர்களும் ஆவர்.

அவ்வேளையிலே வைத்தியர் சிலரும் இளைஞர் பலரும் கொயினாவும் உணவும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் சென்றனர். சூரிய மல் இயக்கத்தைச் சேர்ந்த என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க ஆகியோர் கேகாலைப் பகுதியிலே ஆற்றிய தொண்டு இன்றும் பேசப்படுகின்றது. அத்தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் தீ பற்றியபின் நீர் சுமப்பதற்கும், புகையைக் கண்டவுடன் ஓடுவதற்கும் வேற்றுமை உண்டல்லவா?

அப்பொழுது புகை தெரியாமலா இருந்தது? மழை அளக்கும் கருவி இருந்தது. ஆறு வற்றியது எவர் கண்ணுக்கும் தெரிந்தது. நுளம்பு எதுவென்று தெரிந்திருந்தது. காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருவோரின் வரிசை மருந்துச்சாலைகளிலே நீண்டுகொண்டு போனது. இவற்றையெல்லாம் கிழமைதோறும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டு, "இதோ வருகின்றது" என்று முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடுதான் நிலைபெற்றிருக்கவில்லை. மழையளவையும், பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றிலே காய்ச்சற்கட்டி எனப்படும் மண்ணீரல் வீக்கத்தையும் கணக்கெடுத்து, வரவிருக்கும் மலேரியாவை முன்னறிவிக்கும் முறை பஞ்சாப் மாகாணத்திலே 1920 களிலேயே கையாளப்பட்டது. அம்முறையில் உழைத்த கேணல் சி. ஏ. கில் என்பவரே பின்னர் இலங்கைக்கு அழைக்கப்பட்டு, 1935 இலே இங்குள்ள அழிவை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அறிவு அயலிலே இருந்தது. அது நம்மிடம் வந்து சேர்ந்தபொழுது சுடலைகள் நிறைந்துவிட்டன.

இக்கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. இளைஞர்கள் ஊன்றிக் கேட்கவேண்டியது அதனையே.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலே டி.டி.ரி. என்ற மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளித்தார்கள். மலேரியா விரைந்து குறைந்தது. 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு விகிதம் அடுத்த ஆண்டிலே 14 அளவுக்கு இறங்கியது. 1963 ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. அவர்களுள்ளும் பலர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்கள். மலேரியா ஒழிந்தது என்று மகிழாதார் இல்லை. மகிழ்ச்சியோடு கவனமும் தளர்ந்தது. மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைச் சோதிப்பதிலும் தேடிப் பார்ப்பதிலும் முன்னைய ஊக்கம் இல்லை. மீண்டும் மழை பொய்த்த காலம் வந்தது. இரத்தினக்கல் தேடி ஆயிரக்கணக்கானோர் காடுகளிற் குழிதோண்டி, நோயோடு தத்தம் ஊர் திரும்பினர். 1969 ஆம் ஆண்டிலே மலேரியா நோயாளரின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

பதினேழு எங்கே, ஐந்து இலட்சம் எங்கே! இடையிலே சென்றவை ஆறே ஆண்டுகள். நோயாளர் ஆயிரக்கணக்கில் இருக்கும்பொழுது ஒருவர் இருவர் விடுபட்டாலும் கணக்குப் பெரிதும் பிழையாது. பதினேழு பேரே இருக்கும்பொழுது விடுபட்ட ஒருவர் வழியாக நோய் மீண்டும் வேர்கொள்ளும். ஆகவே நோய் குறையக் குறையக் கண்காணிப்புக் கூடவேண்டும். நாமோ பசித்தபொழுது மாத்திரம் அடுப்பை நினைப்பவர்போல, நோய் மிகுந்தபொழுது மாத்திரம் கணக்கை நினைக்கின்றோம்.

அந்தப் பாடத்தை நாடு மறக்கவில்லை என்பது ஆறுதலான செய்தி. 1999 இலே இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்த நோயாளர் தொகையை மலேரியாத் தடை இயக்கம் படிப்படியாகக் குறைத்தது. உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலுங்கூட வடக்கிலும் கிழக்கிலும் இவ்வேலை முற்றாக நின்றுவிடவில்லை. வைத்தியசாலைக்கு வரும் காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வரமுடியாத ஊர்களுக்கு வாகனத்திலே சோதனைக் கூடத்தைக் கொண்டுசென்றார்கள். ஒரு நோயாளர் கிடைத்தால் அவருடைய வீட்டாரையும் அயலாரையும் தேடிச் சோதித்தார்கள். இந்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரிற் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரிலே உலக சுகாதாரத் தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உறுதிசெய்து சான்று வழங்கியது. 80,000 பேரைப் பறிகொடுத்த நாட்டுக்கு இஃது எளிய வெற்றியன்று.

அதன்பின்னும் கணக்கு நிறுத்தப்படவில்லை. 2018 டிசெம்பரிலே மொனராகலை மாவட்டத்தில் ஒருவருக்கு மலேரியா கண்டது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக அவருக்குத் தொற்றியது என்று விசாரித்துத் துணிந்தார்கள். உடனே சுற்றுப்புறமெங்கும் தேடி, நோய் மேலும் பரவாது தடுத்தார்கள். 1963 இன் கதை மீண்டும் நிகழாமற் போனதற்கு இந்த விழிப்பே காரணம்.

இனி, இக்காலத்திலே ஒரு நோய்ச் செய்தி எவ்வாறு பயணஞ் செய்கின்றது என்பதைச் சிறிது கூறுவோம். இந்நாட்டிலே சில நோய்களைக் கண்டவுடன் அறிவிக்கவேண்டும் என்ற கடமை 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. கண்டி வைத்தியசாலையிலே ஒரு பிள்ளைக்கு டெங்கு என்று வைத்தியர் ஐயுற்றால், சோதனை முடிவு வரும்வரை காத்திராமல், 544 ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி, அப்பிள்ளையின் வீடு அமைந்த பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அங்கே அது தொற்றுநோய் இடாப்பிற் பதியப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார், உண்மைதானா என்று விசாரிப்பார், சுற்றிப் பார்ப்பார். கிழமைதோறும் ஒவ்வொரு பகுதியின் தொகையும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்லும். 1959 இல் அமைக்கப்பட்ட அப்பிரிவு நாடு முழுவதன் கணக்கையும் கூட்டிக் கிழமை அறிக்கையாக வெளியிடுகின்றது.

இதனால் விளையும் பயன் பல. முதலாவது, முன்னெச்சரிக்கை. சென்ற ஆண்டுகளின் இதே கிழமையோடு ஒப்பிடும்பொழுது கணக்கு மேலெழுந்தால் ஏதோ வருகின்றது என்று அறியலாம். 2017 ஆம் ஆண்டிலே இலங்கையிற் டெங்கு கண்டவர்கள் 1,86,101 பேர். இறந்தவர்கள் 440 பேர். அவ்வாண்டிலே அதுவரை மிகுந்திருந்த வைரசு வகை மாறி வேறொரு வகை மேலோங்கியதை இரத்த மாதிரிகளைச் சோதித்தே அறிந்தார்கள். வகை மாறினால், முன்பு ஒருமுறை டெங்கு வந்து தேறியவரும் பாதுகாப்பானவரல்லர்.

இரண்டாவது, எங்கே செல்வது என்ற வழிகாட்டல். டெங்கைப் பரப்பும் நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை. ஆகவே ஒரு நோயாளரின் வீடு தெரிந்தால், அவ்வீட்டைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துக்குள்ளேயே தேடலாம். ஊர் முழுவதும் ஓடிக் களைக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, எவருக்கு முதலில் உதவுவது என்ற தெளிவு. எலிக்காய்ச்சல் 2008 இலே ஏழாயிரம் பேருக்கு மேற் பீடித்தது. அந்நோயின் கணக்கைப் பார்த்தால், வயலிலே சேற்றில் இறங்குவோரையே அது மிகுதியாகப் பற்றுகின்றது என்பதும், விதைப்பு அறுவடைக் காலங்களை ஒட்டியே ஏறுகின்றது என்பதும் தெரியும். அதனாலேயே வயலில் இறங்குமுன் தடுப்பு மருந்தைக் கமக்காரருக்கு வழங்குகின்றார்கள்.

நான்காவது, செய்த வேலை பயன்தந்ததா என்று அறிதல். இளம்பிள்ளைவாதம் இந்நாட்டிற் கடைசியாகக் கண்டது 1993 இலே என்று நாம் துணிந்து சொல்வதற்குத் தடுப்பு மருந்து மாத்திரம் போதாது. அதன்பின் கைகால் திடீரெனச் சோர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் தேடிச் சோதித்த கணக்கும் வேண்டும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடாயினும் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. இச்சங்கிலியின் முதற்கண்ணி வைத்தியரன்று, வீடு. வீடு வாய் திறக்காவிட்டால் இடாப்பிலே ஒன்றும் ஏறாது. வீடுகள் வாய் மூடுவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

ஒரு காரணம் நம் பக்தியோடு சேர்ந்தது. கொப்புளிப்பானோ சின்னமுத்தோ கண்டால் அதனை அம்மாள் வருத்தம் என்கின்றோம். வாசலில் வேப்பிலை செருகி, வீட்டைத் தூய்மையாக்கி, நோயாளரைத் தனியே கிடத்தி, வெளியார் வாராமற் பார்த்துக்கொள்கின்றோம். வைத்தியரிடம் கூறினால் அம்மாளுக்கு ஆகாது என்று அஞ்சுவோரும் உண்டு. பெரியோர்களே, சிறியோராகிய நாம் ஒன்று கூறுவதைப் பொறுத்தருளவேண்டும். வாசலிற் செருகிய அந்த வேப்பிலை என்ன செய்கின்றது? "இங்கே நோய் உண்டு, விலகி நடவுங்கள்" என்று தெருவுக்கு அறிவிக்கின்றது. படிவமும் இடாப்பும் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே நம் முன்னோர் நோயை அறிவித்தார்கள், நோயாளரைத் தனிப்படுத்தினார்கள். அறிவித்தல் நம் வழக்கத்துக்கு மாறானதன்று. வேப்பிலையைத் தெருவுக்குக் காட்டுகின்ற நாம், அதே செய்தியைச் சுகாதார அதிகாரிக்கும் சொல்லிவிட்டாற் போதும். பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததென்று 1980 இலே அறிவிக்கப்பட்டது. அம்மைப்பால் குத்தியதோடு, நோய் கண்ட ஒவ்வொரு வீட்டையும் தேடி அறிந்து அதனைச் சூழ அணைகட்டியமையாலேயே அது கைகூடியது. சின்னமுத்தும் 2019 இலே இந்நாட்டில் ஒழிக்கப்பட்டதாக உறுதிசெய்யப்பட்டது. எனினும் 2023 இலே மீண்டும் தலைகாட்டியது. ஆகவே ஒரு வீட்டில் மறைக்கப்படும் சின்னமுத்து இன்று அந்த வீட்டுச் செய்தி மாத்திரமன்று.

மற்றொரு காரணம் அச்சமும் அவமானமும். கொவிட் நோய் வந்த 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நமக்கு அண்மையிலுள்ள அக்குறணை ஊர் அடைக்கப்பட்டது. நோய் பரவாமற் காக்க ஓர் ஊரைச் சிலகாலம் அடைப்பது வேறு. அவ்வூரின் பேரைச் சொல்லி அங்குள்ளாரைப் பழிப்பது வேறு. அக்காலத்திலே பழிச்சொல்லும் பேசப்பட்டது. நோயால் இறந்தவர்களை அடக்கஞ் செய்ய இடமளியாது எரிக்கவே வேண்டும் என்ற கட்டளை 2020 ஏப்பிரல் முதல் 2021 பெப்புருவரி வரை நடைமுறையில் இருந்தது. அடக்கஞ் செய்வதாற் கேடில்லை என்று உலக சுகாதாரத் தாபனம் கூறியிருந்தும் அது நீடித்தமையால் முஸ்லிம் சகோதரர்களின் மனம் மிகவும் புண்பட்டது. 2024 இலே அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது. எரிப்பது நம் வழக்கமாதலால் அக்கட்டளை நம்மைச் சுடவில்லை. பிறரைச் சுட்டதை நாம் உணரவேண்டும். நோயைச் சொன்னாற் பழி வரும், இறந்தால் நம் முறைப்படி அனுப்பமாட்டார்கள் என்ற பயம் புகுந்துவிட்டால் எந்தச் சமூகமும் நோயை மறைக்கும். மறைத்தால் எண்ணிக்கை பொய்யாகும். ஆகவே நோயாளரின் மானத்தைக் காப்பது தருமம் மாத்திரமன்று, கண்காணிப்பின் அத்திவாரமும் அதுவே. கங்காணியின் எண்ணிக்கையாக அது மாறிவிட்டால் மக்கள் அதனிடமிருந்து ஒளிந்துகொள்வார்கள்.

தோட்டங்களிலே வாழும் நம்மவர் நிலையையும் இங்கே நினைக்கவேண்டும். தோட்டத்து மருத்துவ ஏற்பாடு நெடுங்காலம் அரசாங்க ஏற்பாட்டுக்கு வெளியே, தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலே இருந்தது. ஒருநாட் சம்பளத்தை இழந்து வைத்தியசாலைக்குப் போகவேண்டுமே என்று காய்ச்சலோடு கொழுந்து பறிக்கும் தாய்மார் உண்டு. போனாலும், தம் மொழியிலே பேசி விளங்கவைக்க ஆளில்லாமற் பாதி சொல்லித் திரும்புவோர் உண்டு. அவர்களுடைய காய்ச்சல் எந்த இடாப்பிலும் ஏறுவதில்லை. இடாப்பில் ஏறாத இடத்துக்கு மருந்தும் உதவியும் பிந்தியே வரும்.

ஆகவே நம் சங்கத்தார் செய்யத்தக்கவை என்று மூன்றைக் கூற விரும்புகின்றோம்.

முதலாவது, தலயாத்திரை பற்றியது. நம்மவர் ஆண்டுதோறும் இந்தியாவிலுள்ள தலங்களுக்குச் சென்று வருகின்றார்கள். சபரிமலைக்கு விரதமிருந்து செல்லும் இளைஞரும் பலர். இந்தியாவின் சில பகுதிகளில் இன்றும் மலேரியா உண்டு. இந்தியாவிலிருந்து திரும்பியோர் மலேரியாவோடு வந்தமை பன்முறை கண்டறியப்பட்டுள்ளது. யாத்திரை சென்று வந்தபின், சில மாதங்கள் கழிந்தேனும் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேளாவிட்டாலும், "நான் இந்தியாவுக்குப் போய்வந்தேன்" என்று முதலிலே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மலேரியாவின் நினைவே வைத்தியருக்கு வராமற் போகலாம். யாத்திரைக்கு முன்னர் மலேரியாத் தடை இயக்கத்தாரிடம் கேட்டால் வேண்டிய ஆலோசனையும் தடுப்பு மாத்திரையும் கிடைக்கும். நகரங்களிலே கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் இசுரீபன்சி என்ற புதிய நுளம்பு 2016 இன் இறுதியிலே மன்னாரிற் கண்டறியப்பட்டது. கொண்டுவரும் ஆளும் பரப்பும் நுளம்பும் சந்தித்தால் விளைவு என்னவாகும் என்பதை மகாவலிக் கரை நமக்குக் கற்பித்துள்ளது.

இரண்டாவது, கோயிலும் வீடும் பற்றியது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு கிழமை போதும். கிழமைக்கு ஒருமுறை நீரைக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சக்கரம் அறுந்துபோகும். திருவிழா முடிந்தபின் கோயில் வீதியிற் கிடக்கும் அகல்விளக்கு, சிரட்டை, இளநீர்க் கோம்பை, பிளாத்திக்குக் குவளை ஆகியவற்றையும், மடப்பள்ளிக் கூரைப் பீலியையும் கிழமைதோறும் பார்ப்பதற்கு இளைஞர் அணி ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருவோர் ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் அதற்கு ஒதுக்கலாமல்லவா?

மூன்றாவது, மொழி பற்றியது. இரு மொழியும் மும்மொழியும் அறிந்த இளைஞர் நம்மிடையே உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வரும்பொழுது உடன் நின்று மொழிபெயர்க்கவும், அறிவிக்கப்படவேண்டிய நோய்கள் எவை என்பதைத் தமிழிலே எழுதிக் கோயிலிலும் வாசிகசாலையிலும் ஒட்டவும், காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் முதியவர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவும் அவர்களால் இயலும். அங்கே கண்டதையும் கேட்டதையும் அயலிற் பரப்பாமல் நாவடக்கம் காப்பதும் அத்தொண்டின் ஒரு பகுதி என்பதை வற்புறுத்திக் கூறுகின்றோம். ஒரு குடும்பத்தின் நோய் ஊர்ப்பேச்சானால் அடுத்த குடும்பம் கதவை அடைத்துக்கொள்ளும்.

இவை பெருஞ் செயல்கள் அல்ல. பணச் செலவும் இல்லை. 1934 இலே கொயினா சுமந்து சென்ற இளைஞரைப்போல நாமும் மரணத்தின் நடுவே ஓடவேண்டிய நிலை வராதிருக்க, இன்றே செய்துவைக்கவேண்டிய சிறு வேலைகள் இவை. பதினேழு நோயாளரே இருந்த ஆண்டில் நாட்டின் கவனம் தளர்ந்தது. மலேரியா இல்லாத இந்நாளிலே நம் கவனம் தளராதிருக்கட்டும். நம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, இம்மூன்றிலும் எதனை முதலிலே தொடங்கலாம் என்று கேட்கும்படி செயற்குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம்.

எல்லோரும் நோயற்று வாழ இறைவன் அருள்புரிவானாக.